விளக்குப் பக்கம் விளைஞ்சது

நாளைக்கு நீங்க எல்லாரும் மழைக்காட்டுக்குக் கிளம்புறீகளாம், ராத்திரிப் பூச்சி எடுக்க. போறதுக்கு முன்னாடி, தொழிலை விட்டு ஒதுங்கின கிழவன் ஒருத்தன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு அருப்புக்கோட்டை வரைக்கும் வந்திருக்கீக. சந்தோசம். உக்காந்ததும் ஒரு தம்பி கேட்டாரு, "எந்த லென்ஸு சார் நல்லது?" இன்னொரு தம்பி, "ஃபிளாஷுக்கு மேல என்ன சார் கட்டுவீங்க?" இந்தப் பாப்பா மட்டும் சுவிட்ச் போர்டுக்கு மேல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற சமாச்சாரத்தைப் பாத்துட்டு, "இது என்ன சார், மாடர்ன் ஆர்ட்டா?"ன்னுச்சு. அதுக்குக் கடைசியா வாரேன்.

லென்ஸைப் பத்தி என்கிட்டக் கேக்காதீக. உங்க கையில தொங்குறது என் ஸ்டுடியோவையே விலைக்கு வாங்கும். நான் பாதி ஆயுசு கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு எடுத்தவன். ஆளாளுக்குப் போனு வந்ததும் கடையில ஈ ஓட்ட ஆரம்பிச்சேன். ஓட்டுற ஈயை எடுத்துத்தான் பாப்போமேன்னு தோணுச்சு. அப்படித்தான் இதுக்கு வந்தேன், வேற தத்துவம் ஒண்ணும் கிடையாது. பூச்சியில ஒரு சவுகரியம். தாய்மாமன் இன்னும் வரலைன்னு அது நம்மளைக் காக்க வைக்காது. ஆல்பம் எப்பக் கிடைக்கும்னு போன் பண்ணாது.

மழைக்காட்டுக்கு நானும் ஒரு தடவை போயிருக்கேன். மாஸ்டர் கூட்டிட்டுப் போனாரு. மாஸ்டர்னா யாருன்னு கேக்காதீக, பேரைச் சொன்னா உங்கள்ல பாதிப்பேரு எந்திரிச்சு நிப்பீக. பயிற்சி முகாம் நடத்துற பெரிய கை. கழுத்துல ரெண்டு கேமரா, நெத்தியில ஒரு லைட்டு, வாயில எந்நேரமும் இயற்கை. காட்டுக்குள்ள வெள்ளைத் துணியைக் கட்டி, முன்னால ஊதா லைட்டை எரிய விட்டாரு. பூச்சி வந்துச்சு பாருங்க, கல்யாண வீட்டுல முதல் பந்திக்கு வர்ற மாதிரி. உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு, காஞ்ச சருகு கணக்கா ஒண்ணு, மூஞ்சியில கொம்பு வச்சது ஒண்ணு. ஒரு பக்கம் அட்டை கடிக்குது, லென்ஸுல ஆவி படியுது, மழை விட்டபாடில்லை. நான் எடுத்ததுல பாதிப்படத்துல என் பெருவிரல்தான் தெளிவா இருந்துச்சு.

அங்க மாஸ்டர் ஒரு சட்டம் வச்சிருந்தாரு. எதையும் கொல்லக் கூடாது. ஒரே சாதிப் பூச்சி துணியில அடைச்சுக்கிட்டு நின்னா, டப்பாவுல பதமாப் புடிச்சு, பின்னால பச்சைக்குள்ள கொண்டுபோயி விட்டுரணும். நல்ல சட்டம், குத்தமே சொல்ல முடியாது. அங்க துணிக்குப் பின்னாலயும் காடுதான் இருந்துச்சு. இந்தச் சட்டத்தை ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால கழுத்தை அறுத்தது இதுதான்.

கொஞ்ச காலத்துல மாஸ்டருக்கு மழைக்காடு சலிச்சுப் போச்சு. எல்லாரும் அங்கயே போறாங்க, நாம வறண்ட பூமியில ஒரு முகாம் போடுவோம்னு போன் பண்ணினாரு. "உங்க ஏரியா யாரும் தொடாத மண்ணு, அண்ணாச்சி"ன்னாரு. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவுல ஆடு வாய் வைக்காத செடி ஒண்ணு இருந்தா எனக்கும் காட்டுங்க, நானும் கும்புட்டுக்கிடுறேன். சரி, பெரிய மனுசன் கேக்குறாரேன்னு, ஐப்பசி மழை விழுந்து பச்சை புடிச்சதும் வாங்க சார்னு சொன்னேன். கார் நிறைய சாமானோட, மாணாக்கர் மூணு பேரோட வந்து இறங்கிட்டாரு.

நான் பாத்து வச்சிருந்த இடம் ஒரு கண்மாய்க் கரை. சுத்தியும் சீமைக்கருவேலம், யாரோட வெள்ளாமையும் பக்கத்துல கிடையாது. மாஸ்டர் பத்தடி நடந்தாரு. கரிசல் சகதி பூட்ஸுக்கு அடியில அப்பம் அப்பமா ஒட்டிக்கிட்டு ஏறுச்சு. நின்னு மூச்சு வாங்கிட்டு, "வேற இடம் பாப்போம்"னாரு. ரோட்டு ஓரமா முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம் நின்னுச்சு. அதைப் பாத்ததும் மனுசனுக்குக் கண்ணே கலங்கிருச்சு. "பின்னணியைப் பாருங்க, என்ன ஒரு பச்சை."

"சார், இது ஒருத்தருக்குப் பயிரு"ன்னேன்.

"நாம என்ன மேயவா போறோம்?"

கம்பை ஊண்டினோம்.

அந்தப் பயிருக்குச் சொந்தக்காரி முத்துராக்கு. வரப்புல நின்னு ஆட்டை விரட்டிக்கிட்டு இருந்தது, எங்களைப் பாத்ததும் வந்துச்சு. அந்த நிலம் ரொம்ப வருசமாக் கருவேலம் மண்டிக் கிடந்தது. சுத்துப்பட்டியில அதுதான் வழக்கம். மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியா லோடு ஏத்தி விட்டுட்டு, மறுபடி வளரட்டும்னு விட்டுருவாக. வெயிலும் மரமும் பாத்துக்கிடும், ஆம்பளைக சீட்டு விளையாடலாம். முத்துராக்குதான் பிடிவாதமா நின்னு, தூரோட தோண்ட வச்சு, உழுது, முதல் தடவையா மக்காச்சோளம் போட்டிருந்துச்சு. வீட்டுக்காரரு ஒரே ஒரு வருசம் கெடு கொடுத்திருந்தாரு. இந்த வெள்ளாமை வீடு வந்து சேந்தா நிலம் இவ இஷ்டம். சேரலைன்னா திரும்பவும் கரிமூட்டம், அப்புறம் இவ வாயத் தொறக்கக் கூடாது.

இதெல்லாம் அது எங்களுக்கு டீத்தண்ணி ஊத்திக்கிட்டே சிரிச்ச முகமாச் சொன்னது. எங்க பக்கம் மழை ஒரு தடவை, வெள்ளாமை ஒரு தடவை. அதுல போச்சுன்னா போச்சு.

"பூச்சியவா போட்டோப் புடிக்க வந்தீக? ஏண்ணே, ஊருல மனுசருக்கா பஞ்சம்?"

"மனுசரை எடுத்து அலுத்துப் போச்சு தாயி."

"சரி, புடிச்ச கையோட ரெண்டு கூடை அள்ளிட்டும் போங்க. எங்களுக்காச்சும் குறையும்."

மாஸ்டருக்கு அது பொறுக்கலை. "அம்மா, நாங்க ஒரு உயிரையும் துன்புறுத்த மாட்டோம். எல்லாத்தையும் பத்திரமா இங்கயே விட்டுட்டுத்தான் போவோம்"னு நெஞ்சுல கை வச்சுச் சொன்னாரு. அந்தம்மா என்னைப் பாத்துச்சு. "சாரு சைவமாண்ணே?"ன்னுச்சு.

துணி என் வீட்டு வேட்டி. நல்ல எட்டு முழம், எங்க மாமனார் வீட்டுத் தறியில நெய்ஞ்சது. வீட்டுல நாங்க பேசுறது தெலுங்கு. என் வீட்டம்மா திட்டுறதுக்கு மட்டும் தமிழுக்கு வந்துருவா, பக்கத்து வீட்டுக்காரவுக ஏமாந்துரக் கூடாதுன்னு. அன்னைக்கு வேட்டியை எடுக்கும்போது தமிழ்லதான் சொன்னா, "கட்டுறதுக்கு வேட்டி கேட்டா புருசன். பூச்சிக்குக் கட்ட வேட்டி கேட்டா இவுக."

முதல் நாளு நல்லாத்தான் போச்சு. மறுநாள் சாயங்காலம் ஒரு தூறல் போட்டு விட்டுச்சு. விளக்கைப் போட்டதும் மண்ணு நிறத்துல ஒரு அந்துப்பூச்சி, அழகும் இல்லை அம்சமும் இல்லை, சாரை சாரையா வந்து வேட்டியை மறைச்சுருச்சு. வேற எதுவும் உக்கார இடம் இல்லை. மாஸ்டருக்கு எரிச்சல். "இந்தக் குப்பையை எல்லாம் கிளியர் பண்ணுங்க"ன்னாரு. பயபக்தியுள்ள மாணாக்கர். ரெக்கையில தூசு உதிராம, கைக்குழந்தையைத் தூக்குற மாதிரி டப்பா டப்பாவாப் புடிச்சாக. கொண்டுபோயி விட்டது எங்க? பின்னால, பச்சைக்குள்ள. சட்டம் அப்படித்தான சொல்லுது.

நான் விளக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தேன். வேட்டி ஓரத்துல பஞ்சு மாதிரி ஒரு திட்டு. தறியில விட்ட பிசிறுன்னு நெனச்சு, மாமனார் வீட்டு லட்சணத்தைப் படம் எடுத்து வீட்டம்மாகிட்டக் காட்டுவோம்னு லென்ஸைக் கிட்டக் கொண்டு போனேன். பிசிறு இல்லை. பஞ்சுக்கு அடியில குண்டூசித் தலையில பாதி அளவுக்கு உருண்டை உருண்டையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, எண்ண முடியாத முட்டை. பக்கத்துலயே அந்த மண்ணு நிறத்துக்காரி உக்காந்திருக்கா. எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு யோசிச்சேன். பாலவனத்தத்துல ஒரு உரக்கடைச் சுவத்துல, பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் பாத்த படம். மக்காச்சோளப் படைப்புழு. அது அப்பன் ஆத்தாவைத்தான் நாங்க ரெண்டு நாளா விளக்குப் போட்டு அழைச்சு, டப்பாவுல வச்சுப் பயிருக்குள்ள குடியேத்திக்கிட்டு இருக்கோம்.

டார்ச்சை எடுத்துக்கிட்டுப் பயிருக்குள்ள போனேன். விளக்குப் பக்கத்து வரிசையில இலைக்கு அடியில பாத்தா, அங்க ஒரு திட்டு, இங்க ஒரு திட்டு. முட்டை பொரிக்க ரெண்டு மூணு நாளுதான் ஆகும். பொரிச்ச குஞ்சுப்புழு நூலைப் புடிச்சுத் தொங்கிக் காத்துல அடுத்த செடிக்குத் தாவிரும். குருத்துக்குள்ள இறங்கிருச்சுன்னா அப்புறம் என்ன செஞ்சும் பிரயோசனம் இல்லை.

மாஸ்டர்கிட்டச் சொன்னேன். அவரு கேமரா திரையில இருந்து கண்ணை எடுக்காமலே, "இந்தப் பூச்சி எல்லா ஊர்லயும் இருக்கு அண்ணாச்சி. அந்தம்மாவைக் கலவரப்படுத்தாதீங்க. காலையில எப்படியும் நாம கிளம்புறோம்"னாரு. மாணாக்கர்ல ஒருத்தரு விஞ்ஞானம் படிச்சவரு. "நம்ம லைட்டாலதான் வந்துச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது சார்"னாரு. பாருங்க, எவ்வளவு சுகமான வார்த்தை. சொல்லி முடிச்சதும் தூக்கம் வந்துரும். அவருக்கு வந்துச்சு, கார்ல காலை நீட்டிட்டாரு.

அவரு சொன்னது பொய்யும் இல்லை. நாங்க வராட்டியும் அந்தப் பூச்சி வந்திருக்கலாம். ஆனா டப்பாவுல வச்சு யாரும் கொண்டுவந்து விட்டிருக்க மாட்டாக. சொல்லாமப் போயிட்டா அந்தம்மாவுக்குத் தெரியவே போறதில்லை. விதி, வானம், கண்ணேறுன்னு எதையாவது சொல்லி அழுதுட்டு, கரிமூட்டத்தைப் பாத்து உக்காந்திருக்கும். வீட்டுக்காரரு சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போடுவாரு. அதை நெனைக்க நெனைக்க என்னால உக்கார முடியலை. தைரியம்னு தப்பா எடுத்துக்கிடாதீக, பயந்தான். சொல்றதுக்கும் பயம், சொல்லாம இருக்கிறதுக்கும் பயம். ரெண்டாவது கொஞ்சம் பெருசா இருந்துச்சு.

விடிஞ்சும் விடியாமலும் போயி முத்துராக்குகிட்டச் சொன்னேன். கத்தும்னு எதிர்பாத்தேன். கத்தலை. வயலுக்கு வந்து, நான் காட்டின இலையைத் திருப்பிப் பாத்துச்சு. காருல சாமானை ஏத்திக் கட்டிக்கிட்டு இருந்தவுககிட்ட வந்து, "எத்தனை டப்பா கொண்டுபோயி விட்டீக?"ன்னு கேட்டுச்சு. மூணு பேரும் டப்பாவைக் காருக்குள்ள தள்ளினாக. அந்தம்மா மாஸ்டர் பக்கம் திரும்புச்சு.

"உசுரைக் கொல்ல மாட்டோம்னீகளே சார். இப்பச் சாகப் போறது எது?"

மனுசன் முகம் செத்துப் போச்சு. வீட்டுக்காரரு வரப்புல குத்துக்கால் போட்டு உக்காந்து பீடியைப் பத்த வச்சாரு. அவருக்கு மட்டும் அன்னைக்கு நல்ல பொழுது. "நான் அப்பவே சொன்னேன், கரிமூட்டம்தான் நமக்குத் தோதுன்னு"ன்னாரு. முத்துராக்கு அவரைத் திரும்பிக்கூடப் பாக்கலை. நேரே போயி என் வேட்டியைக் கம்புல இருந்து அவுத்துச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிடுச்சு.

"வெள்ளாமை வீடு சேர்ற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்ணே. பூச்சியோட மசுரைக்கூட எண்ணுவீகளாமே, முட்டை தெரியாமலா போகும்? எறங்குங்க."

தம்பிகளா, அந்த இடத்துல மாஸ்டரு காருல ஏறியிருந்தா நான் இந்தக் கதையை வேற மாதிரிச் சொல்லியிருப்பேன். அவரு கொஞ்ச நேரம் கார்க் கதவைப் புடிச்சுக்கிட்டே நின்னாரு. அப்புறம் கழுத்துல ஒரு கேமராவைக் கழட்டி சீட்டுல வச்சாரு, இன்னொண்ணை மறந்துட்டாரு. பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கிட்டு கரிசலுக்குள்ள இறங்கினாரு. முந்தாநாளு பத்தடி நடக்க மாட்டேன்னவரு. விஞ்ஞானம் படிச்சவரும் இன்னொருத்தரும் அப்பவே பஸ்ஸைப் பாத்துப் போயிட்டாக. மூணாவது தம்பி மட்டும் நின்னாரு.

முதல் முட்டைத் திட்டை மாஸ்டருதான் கண்டுபுடிச்சாரு. காலை வெயிலு பின்னால இருந்து இலையில ஊடுருவி, பஞ்சு ஒவ்வொரு இழையும் வெள்ளியா மின்னுச்சு. பழக்க தோசம், கை தானாக் கேமராவைத் தூக்கிருச்சு. பக்கத்து வரிசையில இருந்து முத்துராக்கு நிமிந்து பாத்துச்சு.

"எடுத்துட்டு நசுக்குவீகளா, நசுக்கிட்டு எடுப்பீகளா?"

மாஸ்டரு கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாரு. இலையை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சாரு. விரலைச் சட்டையில துடைச்சுக்கிட்டு அடுத்த செடிக்குப் போனாரு.

அந்த வாரம் பூரா நாங்க பயிருக்குள்ளதான் கிடந்தோம். இத்தனை நேரம் அவரை வச்சு நக்கல் அடிச்சேன், ஆனா ஒண்ணை ஒத்துக்கிடணும். அந்தாளு கண்ணு மாதிரி ஒரு கண்ணை நான் பாத்ததில்லை. நாங்க பாத்துட்டு வந்த வரிசையில திரும்பப் போயி இலைக்கு அடியில, தண்டு மடிப்புலன்னு கொத்துக் கொத்தா எடுப்பாரு. பொரிச்சு இறங்கின குருத்துல எல்லாம் முத்துராக்கு சாம்பலும் மணலும் கலந்து போட்டுக்கிட்டே பின்னால வரும். மூணாம் நாளு பீடிக்காரரும் எந்திரிச்சு வந்து ஒரு வரிசையைப் புடிச்சாரு. அடுத்து நடத்த வேண்டிய முகாமுக்கு மாஸ்டர் போகாததால அங்க ஆளுக காத்துக் கிடந்து சத்தம் போட்டாகன்னு கேள்வி. அவரு போனை அணைச்சு வச்சுட்டாரு.

போகும்போது அந்தம்மாகிட்ட என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. "போயிட்டு வாங்க சார். மீதியை நான் பாத்துக்கிடுறேன்"னுச்சு முத்துராக்கு. வேட்டியைப் பத்தி நானும் மூச்சு விடலை.

தை கழிஞ்சு ஒரு நாளு போன் வந்துச்சு. "அண்ணே, வேட்டியை வந்து வாங்கிக்கிடுங்க." போனேன். களத்துல மக்காச்சோளம் குவிஞ்சு கிடந்துச்சு. அமோகம்னு சொல்ல மாட்டேன், ஆனா சாக்கு புடிக்கிற அளவுக்கு இருந்துச்சு. பீடிக்காரரு வாய்க்குள்ள முணங்கிக்கிட்டே சாக்குத் தைச்சுக்கிட்டு இருந்தாரு. வர்ற வருசம் மேலத் துண்டு நிலத்தையும் தூர் எடுக்கணும்னு இவ ஒத்தக்கால்ல நிக்கிறாளாம். சரின்னுட்டாராம், வேற வழி. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

வேட்டியை வெளுத்து, அதுலயே ஒரு மூட்டை கட்டி வச்சிருந்துச்சு. நல்ல கனம். "உங்க பங்குண்ணே. விளக்குப் பக்கத்து வரிசையில விளைஞ்சது. வீட்டுல போயிப் பிரிங்க. சாருக்கும் ரெண்டு அனுப்பிருங்க"ன்னுச்சு. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்தவருகிட்ட, விவசாயி பாசமே தனிதான்னு பெருமையாச் சொன்னேன். மூட்டைக்குள்ள இருக்கிற சோளக்கருதை அவிச்சா எப்படி இருக்கும்னு நாக்குல தண்ணிகூட ஊறுச்சு.

வீட்டம்மாதான் மூட்டையைப் பிரிச்சா. கருதுல பாதிக்கு மேல மணியே இல்லை. இருந்த மணியும் ஓட்டை. நுனியில இருந்து அடி வரைக்கும் புழு கடைஞ்சு, எச்சம் காஞ்சு, சக்கையா நின்னுச்சு. ஒண்ணுகூடத் தப்பலை. ஒண்ணொண்ணா எடுத்துத் தரையில வரிசையா அடுக்கினா. அடுக்கி முடிச்சதும் தமிழுக்கு வந்தா.

"மாடியில காயப் போடவா, கண்ணாடி போட்டு மாட்டவா?"

ரெண்டை மாஸ்டருக்கு அனுப்பினேன். பதில் வரலை. ஆனா இப்பவும் முகாம் நடத்தப் போற ஊருல எல்லாம், துணியைக் கட்டுறதுக்கு முன்னாடி, பின்னால யாரு என்ன பயிரு போட்டிருக்காகன்னு அவரு விசாரிச்சுட்டுத்தான் கம்பை ஊண்டுறாராம். மாணாக்கருக்கெல்லாம் அது ஒரு கிறுக்குன்னு பேச்சு.

நாளைக்கு நீங்க போற காட்டுல யாரும் சோளம் போட்டிருக்க மாட்டாக. நிம்மதியா எடுங்க, அட்டைக்கு மட்டும் புகையிலை கொண்டு போங்க. அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போதுதான் கவனம் வேணும்.

பாப்பா, போகும்போது அந்த சுவிட்சை அமுக்கி விளக்கை அணைச்சுட்டுப் போம்மா. அதுக்கு மேல இருக்கே, நீ கேட்ட மாடர்ன் ஆர்ட்டு, அது என் பங்கு.